உயர ரிப் ஷாட்கன்: வாங்கும் முன் எதை எதோடு ஒப்பிட வேண்டும்?

இயந்திரம் வானில் வீசும் களிமண் தட்டுகளைச் சுடும் ஆட்டத்துக்குப் புதிதாக வந்தவர்கள் உயர ரிப் துப்பாக்கியைப் பற்றி எடுத்த எடுப்பிலேயே கேட்பது, "எதில் ரிப் ரொம்ப உயரம்?" என்றுதான். ரிப் எத்தனை மில்லிமீட்டர் உயரம் என்பதை மட்டும் வைத்து இரண்டு துப்பாக்கிகளை எடைபோட்டால் ஒன்றும் தெரியாது. உங்கள் கழுத்து நேராக இருக்கும்போது, கன்னம் துப்பாக்கியின் பின்பக்கக் கட்டையில் இயல்பாகப் படிந்திருக்கும்போது, ஈயக் குண்டுகள் எங்கே போகின்றன? ஒப்பிட வேண்டியது அதை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ரிப் என்பது குழலின் மேல் நீளவாட்டில் ஓடும் பட்டை. கண் அதன் வழியாகத்தான் தட்டைப் பார்க்கிறது. சாதாரண ரிப்பில் பார்வைக் கோடு மேல்குழலின் மையத்திலிருந்து ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் மேலே ஓடும். உயர ரிப்பில் அதே பட்டையைச் சின்னச் சின்னக் கால்களில் தூக்கி நிறுத்தியிருப்பார்கள். பார்வைக் கோடு 3, 4 சென்டிமீட்டர் வரை மேலே போய்விடும். பட்டை உயர்ந்தால் கண்ணும் உயர வேண்டும். அதனால் கன்னம் படியும் கட்டையின் மேல்விளிம்பையும், அதாவது கோம்ப்பையும், கூடவே உயர்த்தியிருப்பார்கள். ரிப்பும் கோம்ப்பும் ஜோடி. ஒன்றைப் பார்க்காமல் மற்றதைப் பற்றிப் பேசவே கூடாது.

இதனால் கிடைக்கும் லாபம் மூன்று. தலையைக் குனிந்து கட்டைக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. துப்பாக்கி முகத்துக்கு வரும், கழுத்து நிமிர்ந்தே இருக்கும். குழல் தோளுக்கு நேராகத் தாழ்ந்து உட்காருவதால் உதை நேரே பின்னால் வரும். குழல்முனை துள்ளுவதும் கன்னத்தில் அடிப்பதும் குறையும். தட்டுக்குக் கீழே இருக்கும் வெளியும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடி போடுபவர்களுக்கு ஒரு கூடுதல் லாபம் உண்டு. குனிந்து பார்த்தால் கண்ணாடியின் மேல்விளிம்பு தட்டை மறைக்கும். தலை நிமிர்ந்திருந்தால் லென்ஸின் நடுப்பகுதி வழியாகப் பார்க்கலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே உயர ரிப்புக்கு மாறியவர்கள் இருக்கிறார்கள்.

உதை "குறையும்" என்று சொல்லும்போது ஒன்றைக் கவனியுங்கள். அதே எடைத் துப்பாக்கியில் அதே தோட்டாவைச் சுட்டால் பின்னால் வரும் விசை அதேதான். அது உடம்பில் எங்கே, எப்படிப் படுகிறது என்பதுதான் மாறுகிறது. உதை நிஜமாகவே குறைய வேண்டுமென்றால் 28 கிராம் தோட்டாவிலிருந்து 24 கிராமுக்கு இறங்குங்கள். ரிப்பை மாற்றுவதைவிட அது சுலபம்.

முதல் படி: எந்த ஆட்டம்?

ஒலிம்பிக் டிராப் என்ற ஆட்டத்தில் குழிக்குள் 15 இயந்திரங்கள் இருக்கும். தட்டு உங்களை விட்டு விலகி, ஏறிக்கொண்டே, சுமார் 76 மீட்டர் வரை போகும். தட்டைக் கூப்பிடும் முன்பே, அதாவது வீசச் சொல்லிக் குரல் கொடுக்கும் முன்பே, துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க டிராப்பில் இயந்திரம் ஒன்றுதான். 16 கஜத்தில், அதாவது 14.6 மீட்டர் பின்னால் தொடங்கி, ஹேண்டிகேப் வைத்து, அதாவது திறமைக்கு ஏற்பத் தூரத்தைக் கூட்டி, 27 கஜம் வரை பின்னால் போவார்கள். தனித்தட்டுக்கு ஒரே ஒரு தோட்டா. இரண்டிலும் தட்டு ஏறுகிறது, துப்பாக்கி முன்கூட்டியே தோளில் இருக்கிறது. உயர ரிப் பிறந்து வளர்ந்த இடம் இதுதான்.

ஒலிம்பிக் ஸ்கீட் வேறு கதை. கட்டை இடுப்புக்கு அருகில் இருக்க வேண்டும். கூப்பிட்ட பிறகு 3 நொடிக்குள் எப்போது வேண்டுமானாலும் தட்டு வரலாம். வந்த பிறகுதான் துப்பாக்கியைத் தூக்கலாம். அவசரமாகத் தூக்கும்போது, மேலே கனம் சேர்ந்த துப்பாக்கியை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் கன்னத்தில் உட்கார வைப்பது கஷ்டம். ஸ்கீட்டுக்கு என்று புதிதாக வாங்குபவருக்கு நான் உயர ரிப்பைச் சொல்ல மாட்டேன்.

ஸ்போர்ட்டிங்கில் தட்டு எங்கிருந்தும் வரும்: தலைக்கு மேலே, தரையில் உருண்டு, விழுந்துகொண்டே. இதில் உயர ரிப் பிடிப்பவர்கள் இப்போது நிறைய. ஆனால் அவர்கள் பெரும்பாலும் நடுத்தர உயரத்தில், கிட்டத்தட்ட நேராகச் சுடும்படி அமைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது படி: உங்கள் கழுத்து, உங்கள் தோள்

துப்பாக்கியைத் திறந்து, குழல் அறைகள் காலியாக இருப்பதை உங்கள் கண்ணால் பாருங்கள்; கொடுத்தவர் "காலிதான்" என்று சொன்னாலும் பாருங்கள். யாரும் இல்லாத திசையில் குழலைத் திருப்பிக்கொண்டு நிமிர்ந்து நில்லுங்கள். கண்ணை மூடி, துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டு வந்து, கன்னத்தை இயல்பாகப் படிய விடுங்கள். இப்போது கண்ணைத் திறங்கள்.

ரிப்பின் பின்முனை கண்ணை மறைத்து, முன்மணி (ரிப்பின் முன்முனையில் இருக்கும் சின்ன மணி) தெரியவே இல்லையா? உங்களுக்கு அந்த கோம்ப் தாழ்வு. ரிப்பின் மேல்பரப்பு முழுவதும் நீளமாக, சாலை மாதிரி விரிந்து தெரிகிறதா? கோம்ப் மிக உயரம். டிராப்பில் பொதுவாக எல்லோரும் தேடுவது, ரிப்பின் நடுவில் இருக்கும் நடுமணியின் மேல் முன்மணி உட்கார்ந்து எட்டு என்ற இலக்கம் போலத் தெரிவது. ஸ்போர்ட்டிங்குக்கு ரிப் கிட்டத்தட்ட தட்டையாகத் தெரிந்தால் போதும்.

அப்புறம் பக்கத்தில் நிற்கும் ஒருவரிடம் கட்டையின் தோளில் படும் முனையைப் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் பேடு முழுவதும் தோள் குழியில் பதிந்திருக்க வேண்டும். பலருக்குச் சாதாரணத் துப்பாக்கியில் பேடின் மேல்முனை தோளுக்கு மேலே ஒரு விரல் அளவு துருத்திக்கொண்டு நிற்கும். கீழ்முனை மட்டும் தோளில் குத்தும். நீளக் கழுத்துக்காரர்களிடம் இது கண்கூடு. துப்பாக்கியைத் தோளில் சரியாக வைத்தால் கண் ரிப்புக்கு எட்டாது, கண்ணுக்குக் கொண்டுவந்தால் தோளை விட்டுப் போகும். இவர்களுக்குத்தான் உயர ரிப் உண்மையான தீர்வு. குட்டைக் கழுத்து, அகலத் தோள் உள்ளவருக்குச் சாதாரண ரிப்பிலேயே எல்லாம் பொருந்தி உட்காரலாம். அப்படி உட்கார்ந்தால் பக்கத்துக்காரரைப் பார்த்து மாற்றத் தேவையே இல்லை.

மூன்றாவது படி: உயர ரிப் என்றால் உயரச் சுடும் என்று எண்ணாதீர்கள்

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். துப்பாக்கி உயரச் சுடுவதும் ரிப் உயரமாக இருப்பதும் வேறு வேறு. குண்டுகள் எங்கே போகின்றன என்பதை 60/40, 70/30 என்று சொல்வார்கள். 76 செ.மீ. விட்டமுள்ள வட்டத்துக்குள் விழும் குண்டுகளில் 60 சதவீதம் குறிக்கு மேலே, 40 சதவீதம் கீழே என்றால் அது 60/40. கைக்கணக்கு ஒன்று உண்டு: 36 மீட்டர் தூரத்தில் ஒவ்வொரு 10 சதவீதத்துக்கும் மையம் ஏறக்குறைய 7.5 செ.மீ. உயரும். அதாவது 70/30 துப்பாக்கி 15 செ.மீ. உயரச் சுடும்.

இந்த உயரத்தை முடிவு செய்வது ரிப்புக்கும் குழலுக்கும் இடையே உள்ள சாய்வும், கண் இருக்கும் இடமும்தான். ரிப்பை முன்னும் பின்னும் ஒரே அளவு தூக்கி, கோம்ப்பையும் அதே அளவு தூக்கினால் சாய்வு மாறாது. 4 சென்டிமீட்டர் உயர ரிப்பில் 50/50 சுடும் துப்பாக்கியும் உண்டு. தாழ்ந்த ரிப்பில் 90/10 சுடுவதும் உண்டு.

ஏறும் தட்டுக்கு 70/30 வசதி. தட்டைக் குழல் மறைக்காமல், மணிக்கு மேலே மிதக்க விட்டுச் சுடலாம். விழும் தட்டுக்கும் தரையில் உருளும் தட்டுக்கும் அதே 70/30 தொல்லை, மேலாகப் போய்விடும். எல்லா ஆட்டத்துக்கும் ஒரே துப்பாக்கி வேண்டுமென்றால் 60/40 பக்கம் இருப்பது நல்லது என்பது என் கருத்து. அமெரிக்க டிராப் பழகியவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் ஆட்டத்துக்கு அவர்கள் சொல்வதும் சரிதான்.

நான்காவது படி: கடையில் எதை எதோடு வைத்துப் பார்ப்பது

ஒரே வகைக்குள் ஒப்பிடுங்கள். வகை மாறினால் ஒப்பீடு அர்த்தமில்லாமல் போகும்.

ஒற்றைக்குழல் டிராப் துப்பாக்கிகள் ஒரு வகை. பிரௌனிங் பிடி-99 இதில் நெடுநாள் பெயர். கிரீகாஃப் கேஎக்ஸ்-6 அதைவிட விலையேறியது. பெரும்பாலும் அமெரிக்க டிராப்புக்கானவை. அந்த ஆட்டம் மட்டும்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் குறைந்த சிக்கலோடு தொடங்க பிடி-99 போன்ற ஒன்று போதும். பட்ஜெட் பார்க்கும் புதியவருக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

இதே குடும்பத்தில் 'அன்சிங்கிள்' என்று ஒன்று உண்டு. மேல்-கீழ் இரட்டைக்குழல் துப்பாக்கியின் உடலில், கீழ்க்குழலை மட்டும் வைத்து, மேல்குழல் இருக்கவேண்டிய இடத்தை உயர ரிப்புக்குக் கொடுத்திருப்பார்கள். குழல் மிகத் தாழ்ந்து உட்காருவதால் உதை நேராக வரும். ஒரே உடலுக்கு அன்சிங்கிள் குழல் ஒன்றும் இரட்டைக்குழல் ஒன்றுமாகச் சேர்த்து விற்பதற்கு 'காம்போ' என்று பெயர். கிரீகாஃப் கே-80 காம்போக்களை டிராப் மைதானங்களில் சாதாரணமாகப் பார்க்கலாம்.

அடுத்தது மேல்-கீழ் இரட்டைக்குழல். டிராப் பக்கம் பெரட்ஸி எம்எக்ஸ்2005 உயர ரிப்புக்குப் பெயர்போனது. ஸ்போர்ட்டிங் பக்கம் கே-80 புரோ ஸ்போர்ட்டர், பிளேசர் எஃப்3 சூப்பர் ஸ்போர்ட், சீசர் குரினியின் இம்பாக்ட் வரிசை ஆகியவை நிமிர்ந்த தலைக்காகவே வடிவமைத்தவை. இவற்றுக்குள் எது மேல் என்று பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. தரத்தில் எதுவும் ஏமாற்றாது. வித்தியாசம் கையில் எடுக்கும்போதுதான் தெரியும். பிடியின் வளைவு, விசைக்கு விரல் எட்டும் தூரம், எடை எங்கே தங்குகிறது என்ற மூன்றையும் கவனியுங்கள். கிரீகாஃப் எனக்கு நிதானமாக, சற்று கனமாகத் திரும்பும். இன்னொருவருக்கு அதே கனம் நம்பிக்கை தரும்.

மூன்றாவது வகை அரைத்தானியங்கி. பெரெட்டா ஏ400 எக்ஸெல் மல்டிடார்கெட், ஃபபார்ம் எக்ஸ்எல்ஆர்5 வெலாசிட்டி ஆகியவை உயர ரிப்போடு வரும். வாயுவின் ஒரு பகுதியை இயக்கத்துக்கு எடுத்துக்கொள்வதால் உதை நீண்டு மெதுவாக வரும். தோள்வலி உள்ளவர்களுக்கு வரப்பிரசாதம். குறைகளும் உண்டு. சுத்தம் செய்வது கட்டாயம். காலித் தோட்டாவைப் பக்கவாட்டில் வீசும். டிராப் வரிசையில் அது பக்கத்தில் நிற்பவர் மேல் போய் விழும், அதற்கு ஒரு தடுப்பு மாட்ட வேண்டும். சோக், அதாவது குண்டுகள் பரவுவதைக் கட்டுப்படுத்தும் குழல்முனை இறுக்கம், ஒன்றுதான்; இரட்டைக்குழலில் முதல் தோட்டாவுக்கு ஒன்று, இரண்டாவதுக்கு ஒன்று என்று வைக்கலாம்.

எடையை எல்லா வகையிலும் கேளுங்கள். டிராப் துப்பாக்கிகள் பெரும்பாலும் 3.7 முதல் 4.1 கிலோ வரை இருக்கும். அந்தக் கனத்தில் ரிப்பின் பங்கு முழுவதும் முன்பக்கம், அதுவும் மேலே. நூறு தட்டுக்குப் பிறகு இடது கை எப்படி இருக்கும் என்பது கடையில் இரண்டு நிமிடம் தூக்கிப் பார்த்தால் தெரியாது. முடிந்தால் யாரிடமாவது இரவல் வாங்கி ஒரு முழுச் சுற்று, 25 தட்டு, சுட்டுப் பாருங்கள்.

ஐந்தாவது படி: பலகையில் சுட்டுப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பிறகு மாதக்கணக்கில் "துப்பாக்கி எனக்கு ஒத்துவரவில்லை" என்று புலம்புவார்கள்.

பலகையில் ஒட்டிய பெரிய காகிதத்தின் நடுவில் ஒரு கறுப்புக் குறி போடுங்கள். இறுக்கமான சோக்கை மாட்டுங்கள். துப்பாக்கியை மேசையில் தாங்கி வைத்துச் சுடாமல், தட்டுக்குச் சுடுவது போலவே நின்று, தோளுக்குத் தூக்கி, குறி கண்ணில் பட்டவுடன் சுடுங்கள். நேரம் எடுத்துக் குறி பார்த்தால் கை தானாகத் திருத்திக்கொள்ளும். பலகை சொல்வது பொய்யாகிவிடும். ஒரே காகிதத்தில் நான்கைந்து முறை சுட்டால் நடுவில் ஓட்டைகள் நெருக்கமாகச் சேரும் இடம் தெரியும். குறியிலிருந்து அந்த இடம் எவ்வளவு மேலே, பக்கவாட்டில் எவ்வளவு விலகல் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

எத்தனை மீட்டரில் சுடுவது? நிறையப் பேர் 12 மீட்டரில் சுட்டு, கிடைத்த அளவை மூன்றால் பெருக்கி, 36 மீட்டரில் இவ்வளவு என்று முடிவு கட்டுவார்கள். சாதாரண ரிப்பில் இந்தக் குறுக்குவழி ஓரளவு ஓடும். உயர ரிப்பில் காலை வாரும். குழல் பார்வைக் கோட்டுக்கு 4 செ.மீ. கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 மீட்டர் காகிதத்தில் குண்டுகள் சரியாகக் குறியிலேயே விழுந்தால், அந்த 12 மீட்டருக்குள் அவை 4 செ.மீ. ஏறிவிட்டன. அடுத்த 24 மீட்டரில் இன்னும் 8 செ.மீ. ஏறும். புவியீர்ப்பு அதற்குள் சுமார் 6 செ.மீ. இழுத்துவிடும் என்றாலும், வெறும் மூன்றால் பெருக்கும் கணக்கில் இந்த இரண்டுமே இல்லை. அதனால்தான் உயர ரிப் துப்பாக்கி கிட்டத்தில் தாழச் சுடுவது போலவும் தூரத்தில் உயரச் சுடுவது போலவும் தெரியும். பதறிப்போய் கோம்ப்பைத் தூக்கிவிடாதீர்கள். கிட்டத்தில் முதலில் பார்த்துப் பெரிய தவறு ஏதும் இல்லை என்று தெரிந்துகொண்டு, பிறகு நீங்கள் வழக்கமாகத் தட்டை உடைக்கும் தூரத்திலேயே சுட்டு முடிவெடுங்கள். டிராப்புக்கு அது 30 முதல் 36 மீட்டர்.

இரண்டு துப்பாக்கிகளை ஒப்பிடும்போது ஒரே தோட்டா, ஒரே அளவு இறுக்கமுள்ள சோக், ஒரே தூரம் இருக்கட்டும். இரட்டைக்குழலில் இரண்டு குழலையும் தனித்தனிக் காகிதத்தில் பாருங்கள். இரண்டும் ஒரே இடத்தில் சுடுகின்றனவா என்பது வாங்கும் முன் தெரிய வேண்டிய விஷயம்.

ஆறாவது படி: திருப்புளியை எடுக்கும் முன்

ஏற்றி இறக்கக்கூடிய ரிப், ஏற்றி இறக்கக்கூடிய கோம்ப் இரண்டும் உள்ள துப்பாக்கி கிடைத்தால் வரிசை முக்கியம். முதலில் கோம்ப். கன்னம் வசதியாகப் படிந்து, மணிகள் வேண்டிய மாதிரி தெரியும் வரை அதை அமைத்து இறுக்குங்கள். அதன் பிறகு அதைத் தொடாதீர்கள். குண்டுகள் போகும் உயரத்தை ரிப்பின் சாய்வால் சரிசெய்யுங்கள். ரிப்பின் முன்முனையை இறக்கினால் உயரச் சுடும், ஏற்றினால் தாழச் சுடும். புதியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். முன்முனை இறங்கினால் மணியைக் குறிக்குக் கொண்டுவர குழலைத் தூக்க வேண்டியிருக்கிறது என்று நினைத்துப் பார்த்தால் புரியும்.

ரிப் அசையாத துப்பாக்கியில் இரண்டு வேலையையும் கோம்ப்பே செய்ய வேண்டும். கண்ணுக்கும் முன்மணிக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மீட்டர் இருக்கும். அதனால் கோம்ப் 1 மி.மீ. உயர்ந்தால் 36 மீட்டரில் குண்டுகள் சுமார் 3.5 செ.மீ. உயரும். 2 மி.மீ. போட்டால் 60/40 கிட்டத்தட்ட 70/30 ஆகிவிடும். ஒரு வாஷர் தடிமன்தான் அது. மனம்போனபடி முழுச்சுற்று சுற்றாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, எத்தனை சுற்று என்று எழுதி வைத்து, மறுபடி பலகையில் சுடுங்கள். குளிர்காலக் கனத்த ஜாக்கெட்டோடும் கோடைச் சட்டையோடும் தோளில் கட்டை உட்காரும் இடம் மாறும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

தட்டு சுடும்போது தவறவிட்ட கோபத்தில் மைதானத்திலேயே ரிப்பைத் திருகுவதுதான் மிக மோசமான பழக்கம். பலகை சொன்ன அமைப்போடு நூறு தட்டாவது சுட்ட பிறகு யோசியுங்கள். பெரும்பாலும் கன்னம் கட்டையை விட்டு எழும்பியிருக்கும். ரிப்பின் மேல் பழி விழும். பின்னால் நிற்கும் நண்பரிடம் தட்டைப் பார்க்காமல் உங்கள் கன்னத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய துப்பாக்கி வாங்குவதாக இருந்தால்

உயர ரிப்பின் பலவீனம் அதன் கால்கள். திறந்த துப்பாக்கியைப் பின்பக்கத்திலிருந்து ரிப்பின் மேல்பரப்பை ஒட்டிக் கண்ணை வைத்துப் பாருங்கள். நடுவில் அலை போல ஏற்ற இறக்கமோ, ஒரு பக்கமாக வளைவோ இருந்தால் எங்கேயோ விழுந்திருக்கிறது. விரலால் மெதுவாகப் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அசையும் திருகு தேய்ந்திருக்கலாம். கால்களின் இடுக்கில் துரு தேங்கும், துணி எட்டாது. சின்னத் தூரிகையும் எண்ணெயும் வேண்டும். திருகுகளின் தலை சிதைந்திருந்தால் முந்தைய சொந்தக்காரர் அடிக்கடி மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார் என்று அர்த்தம். ஏன் என்று கேளுங்கள்.

பெட்டியையும் துப்பாக்கியோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். சாதாரணப் பெட்டியில் உயர ரிப் குழல் உட்காராது. மூடியை அழுத்தி மூடினால் வளைவது ரிப்தான். மைதானத்தில் துப்பாக்கி சாய்த்து வைக்கும் தாங்கியிலும் இதே பிரச்சினை வரும். காது மூடியும் கண் கவசமும் துப்பாக்கிக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். உரிமம், வைத்திருக்கும் முறை, கொண்டுபோகும் முறை எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். முன்பணம் கொடுக்கும் முன் அதை விசாரித்துவிடுங்கள்.